வாக்கர் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஊடே வடக்கினின்று தெற்காகப் பாய்ந்து கடலிற் கலக்கும் பேராறு மிசிசிப்பி. அதன் கரையில், லூசியானா மாநிலத்தில், டெல்ட்டா என்னும் சிற்றூர் ஒன்று உள்ளது. பருத்தி விளையும் அந்நிலப் பகுதியில், ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட மக்களின் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாய் உழைத்தனர். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் முடிவில் அடிமை முறை ஒழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1867ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23ஆம் நாள், ஓவன் பிரீட்லவ், மினர்வா என்னும் இணையருக்குப் பெண்மகவு ஒன்று பிறந்தது. அக்குடும்பத்தில் அடிமையாகப் பிறவாத முதற்குழந்தை அதுவே. அதற்குச் சாரா என்று பெயரிட்டனர். வாக்கர் அம்மையார் என்று பின்னாளில் பலரும் போற்றியது இச்சாராவையே.

விடுதலை கிடைத்தது; ஆனால் வறுமை விலகவில்லை. சாரா ஏழு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். தமக்கை லூவீனியாவோடு ஆற்றைக் கடந்து விக்ஸ்பர்க் நகருக்குச் சென்று, விளையாடித் திரிய வேண்டிய பருவத்தில் வீட்டு வேலை செய்தார். பள்ளியிற் பயின்றது ஏறத்தாழ மூன்று திங்களே. 14ஆம் வயதில் மோசஸ் மக்வில்லியம்ஸ் என்பாரை மணந்தார். 1885இல் லீலியா என்னும் மகள் பிறந்தாள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கணவர் இறந்தார். இருபது வயதளவிலேயே தாய், தந்தை, கணவர் என மூவரையும் இழந்த அவர், கைக்குழந்தையோடு ஆற்றின் வழியே வடக்கே சென்று செயிண்ட் லூயிஸ் நகரை அடைந்தார். அங்கே அவருடைய தமையன்மார் முடிதிருத்தும் தொழில் செய்து வந்தனர்.

அந்நகரில் சாராவுக்குக் கிடைத்தது சலவைத் தொழில். பிறர் வீட்டு ஆடைகளைப் பெரிய மரத்தொட்டிகளில் இட்டு, கொதிநீரும் காரம் மிகுந்த சோப்பும் கொண்டு, பலகையில் தேய்த்துத் துவைக்க வேண்டும். பின்னர் உலர்த்தித் தேய்த்து மடித்துச் சுமந்து செல்ல வேண்டும். இவ்வளவு உழைப்புக்கும் நாளொன்றுக்கு ஒன்றரை டாலருக்கு மேல் கிடைக்கவில்லை. இவ்வாறு ஏறத்தாழ 18 ஆண்டுகள் சென்றன. முதுகு கூனி, கை ஓய்ந்த பிறகு தம்மைக் காப்பவர் யார் என்ற எண்ணம், குனிந்து துவைக்கும்போதெல்லாம் அவர் உள்ளத்தை வாட்டியது. எனினும், அக்கூலியிற் சிறுகச் சிறுகச் சேர்த்து மகளைக் கல்லூரி வரையில் அனுப்பினார் என்றால், அவருடைய மனவுறுதியை என்னென்பது!

இக்காலத்தில் அவருக்கு மற்றொரு துன்பமும் நேர்ந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரலாயிற்று. இது அவர் ஒருவருக்கு மட்டும் வந்த நோயன்று. அந்நாளில் எளியோர் வீடுகளில் குழாய்நீர் இல்லை. குளிர்மிகுந்த திங்கள்களில் தலைமுழுகுவது அரிது. ஊட்டமற்ற உணவும், ஓயாத கவலையும், தோலை அரிக்கும் சோப்பும் சேர்ந்து, உழைக்கும் கறுப்பினப் பெண்கள் பலருடைய தலையிற் பொடுகையும் புண்ணையும் உண்டாக்கின. இதனை வெளியிற் சொல்ல நாணி, துணியால் தலையை மூடிக்கொண்டு பலர் நடமாடினர். கடைக்குச் சென்று மருந்து கேட்கலாமே எனின், அங்கும் அவர்களுக்கு மதிப்பு இல்லை. தென்மாநிலங்களின் பல கடைகளில், காசு கொடுக்க இசைந்தாலும், ஒரு தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்கக்கூட அவர்களை விடுவதில்லை. அழகுப் பொருள் செய்தோர் பெரும்பாலும் வெள்ளையர் தோலையும் முடியையும் நினைத்தே அவற்றைச் செய்தனர். அவர்களிடம் அன்போடு முகம்பார்த்துப் பேசி, குறையைக் கேட்டு, தக்க பொருளை எடுத்துக் கொடுப்பார் அரியர்.

அப்போது செயிண்ட் லூயிஸில் ஆனி டர்ன்போ என்னும் கறுப்பினப் பெண்மணி கூந்தற்களிம்பு ஒன்றைச் செய்து வீடுவீடாக விற்பித்து வந்தார். சாரா சிறிது காலம் அதனை விற்கும் முகவராக இருந்தார். 1905இல் மேற்கேயுள்ள டென்வர் நகருக்குச் சென்றார். சென்றபோது கையிலிருந்தது ஒன்றரை டாலரே என்று பின்னாளில் அவரே கூறுவதுண்டு. அங்கே மருந்துக்கடைக்காரர் ஒருவர் வீட்டிற் சமையல் வேலை செய்துகொண்டே, தாமே ஒரு களிம்பைச் செய்து விற்கலானார். கனவில் ஒருவர் தோன்றி அம்மருந்தின் கூறுகளைத் தமக்குச் சொன்னார் என்பது அவர் கூறிவந்த வரலாறு. கனவை நாம் ஆராய வேண்டுவதில்லை. களிம்பில் முதன்மையாக இருந்தவை வாசலின் போன்ற பெட்ரோலியக் கொழுப்பும், தோல்நோய்க்கு நெடுங்காலமாக வழங்கிவரும் கந்தகமுமே. ஆனி அம்மையார் தம் முறையைச் சாரா பின்பற்றிவிட்டார் என்று வருந்தினார். இருவருக்கும் இடையே போட்டி நெடுநாள் நீடித்தது. களிம்பு புதியதன்று என்பதை மறுப்பதற்கில்லை. அதனை விற்ற முறையிலேதான் சாராவின் தனித்திறம் விளங்கிற்று.

1906இல் செய்தித்தாள் விளம்பரத் தொழிலறிந்த சார்லஸ் ஜோசப் வாக்கர் என்பாரை மணந்தார். அது முதல் தம்மை மேடம் சி. ஜே. வாக்கர் என்றே வழங்கினார். இப்பெயரிலும் ஒரு பொருள் உண்டு. தென்மாநிலங்களில் வெள்ளையர்கள் கறுப்பினப் பெண்களை, எத்துணை முதியவராயினும், மரியாதைச் சொல் ஏதுமின்றி வெறும் பெயரிட்டே அழைப்பது அந்நாளில் வழக்கமாயிருந்தது. மேடம் என்பது பிரெஞ்சு நாட்டு அழகுக்கலைஞர்க்கு வழங்கும் மதிப்புச் சொல். முதலெழுத்துகளை மட்டும் கொடுத்ததனால், பெயர் சொல்லி அழைக்க நினைப்பவர்க்கும் அதற்கு வழியில்லாது போயிற்று.

கணவரும் மனைவியுமாக அவ்வாண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். டென்வரிலிருந்து அஞ்சல்வழி சரக்கு அனுப்பும் பொறுப்பை மகள் லீலியா ஏற்றாள். ஓர் ஊருக்குச் சென்றதும் வாக்கர் அம்மையார் கடைத்தெருவை நாடமாட்டார். அவ்வூரின் கறுப்பினத் திருச்சபையின் போதகரையும், மதிப்புடைய குடும்பத்தாரையும் முதலிற் காண்பார். திருச்சபைக் கூடத்திலோ சங்க மண்டபத்திலோ பெண்கள் கூடுவர். அங்கே அவர் பொருளின் பெருமையை விரித்துரைப்பதோடு அமையாமல், ஒருவரை நாற்காலியில் அமர்த்தி, முடியை அவிழ்த்து, தலையை நன்கு கழுவி, களிம்பைத் தோலில் மெல்லத் தேய்த்து, சீவி முடித்துக் காட்டுவார். புண்பட்ட தலையை அருவருப்பின்றித் தொட்ட அந்தக் கை, தொட்டியிற் குனிந்து துவைத்த கை. அதே நோயில் தானும் வருந்திய கை. இதனை வந்திருந்த பெண்கள் உடனே உணர்ந்துகொண்டனர். தலையைப் பிறர் கையில் ஒப்புவித்தவர், சிறிது பொழுதில் மனத்தையும் ஒப்புவிப்பது இயல்பு. கணவனைப் பற்றியும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், எசமானி வீட்டுக் கொடுமையைப் பற்றியும் பேச்சு எழும். அம்மையார் தாம் பட்ட துன்பத்தையும் ஒளிக்காமற் கூறுவார். களிம்பு வைத்த தகரச் சிமிழின்மேல் அவருடைய உருவப்படமே அச்சிடப்பட்டிருந்தது. வாங்கியவர் சிமிழை எடுக்குந்தோறும், தம் தலையைத் தொட்ட அம்மையாரின் முகத்தையே கண்டனர்.

ஊரைவிட்டுப் புறப்படுமுன் அவ்வூர்ப் பெண்களிற் சிலருக்கு இக்கலையைக் கற்பித்து, அவர்களை முகவர்களாக அமர்த்துவார். இதுவே அவருடைய வாணிகத்தின் உயிர்நிலை. 1908இல் பிட்ஸ்பர்க் நகரில் மகளின் பெயரால் ஒரு பயிற்சிப்பள்ளி நிறுவினார். 1910இல் இருப்புப் பாதைகள் பல கூடும் இண்டியானாபொலிஸ் நகருக்கு வந்து தொழிற்சாலை அமைத்தார். பயிற்சி பெற்ற முகவர்கள் வெண்ணிற மேற்சட்டையும் நீண்ட கறுப்புப் பாவாடையும் அணிந்து, கையிற் கறுப்புப் பையோடு வீடுவீடாகச் சென்றனர். உடல் தூய்மை, பல் தூய்மை, நகத் தூய்மை இவற்றில் முகவர் முதலிற் சிறந்து விளங்க வேண்டும் என்பது அம்மையாரின் விதி. பிறர் தலையைத் தொடப்போகும் கை அழுக்காயிருத்தல் ஆகுமோ? சமையலும் சலவையும் அல்லாது வேறு தொழில் அறியாதிருந்த பெண்கள், இவ்வேலையினால் தம் காலில் தாமே நிற்கலாயினர், வீடு வாங்கினர், மக்களைப் படிக்க வைத்தனர்.

தமக்குக் கல்வி குறைவு என்பதை அம்மையார் மறந்ததில்லை. பள்ளியாசிரியையாக இருந்த ஆலிஸ் கெல்லி என்பாரைத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளராக அமர்த்தி, அவரிடமே கையெழுத்தும் மொழிநடையும் பயின்றார். பலருக்கு ஊதியம் கொடுக்கும் நிலையை அடைந்த பின்னும், தம்மிடம் ஊதியம் பெறுபவரிடமே மாணவியாக அமர்ந்தமை வியத்தற்குரியது.

எல்லாரும் அவரை ஏற்றுக்கொண்டனர் என்று கருதிவிடலாகாது. சூடேற்றிய சீப்பினால் சுருள்முடியை நீவிவிடுவதும் அவருடைய முறையில் ஒரு பகுதியாக இருந்தது. வெள்ளையரைப்போலத் தோன்றும்படி தம் இனப் பெண்களைத் தூண்டுவதாகும் இது என்று கறுப்பினத் தலைவர் சிலர் வெறுத்தனர். முடியை நேராக்குவது தம் தொழிலன்று, முடியை வளர்ப்பதே தம் தொழில் என்பது அம்மையாரின் விடை. இவ்வழக்கில் இரு பக்கத்தும் உண்மை உண்டென்றே தோன்றுகிறது. கறுப்பின மக்களின் கல்விக்காக உழைத்த பெருந்தலைவர் புக்கர் டி. வாஷிங்டனும் இத்தொழிலை மதித்தவரல்லர். 1912இல் சிகாகோ நகரில் அவர் தலைமையில் வணிகர் மாநாடு நடந்தது. அம்மையாருக்குப் பேச வாய்ப்பளிக்குமாறு செய்தித்தாள் நடத்துநர் ஒருவர் வேண்டியும் அவர் செவிசாய்க்கவில்லை. இறுதி நாளன்று அம்மையார் தம் இருக்கையினின்று தாமே எழுந்தார். பருத்தி வயலிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சமையற்கட்டுக்கும் வந்த தாம், அதற்குமேல் தம்மைத் தாமே உயர்த்திக்கொண்ட வரலாற்றை அவையோர் வியக்க எடுத்துரைத்தார். சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை கட்டியிருப்பதையும் கூறினார். மறு ஆண்டு மாநாட்டில் அவர் சொற்பொழிவாளராக அழைக்கப்பெற்றார்.

குடும்ப வாழ்வில் அமைதி நிலைக்கவில்லை. 1912இல் வாக்கரிடமிருந்து மணவிலக்குப் பெற்றார். தொழிலோ வளர்ந்தது. 1913இல் கியூபா, ஜமைக்கா, எய்ட்டி, கோஸ்ட்டா ரிக்கா, பனாமா முதலிய நாடுகளிலும் சுற்றி வாணிகத்தைப் பரப்பினார். 1916இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிற் குடியேறினார்.

1917ஆம் ஆண்டு கோடையில் கிழக்குச் செயிண்ட் லூயிஸ் நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைத் தாக்கிப் பலரைக் கொன்றது. அம்மையார் முன்பு வாழ்ந்த நகருக்கு ஆற்றின் மறுகரையில் உள்ளது அவ்வூர். ஹார்லெம் தலைவர் சிலரோடு அம்மையாரும் தலைநகர் சென்று, குடியரசுத் தலைவர் வில்சனைக் கண்டு முறையிட விரும்பினார். வேலை மிகுதி எனக் கூறி, அவரைக் காணவொட்டாமல் அனுப்பிவிட்டனர். அதே ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், பிலடெல்பியா நகரில் அவருடைய முகவர்களின் முதல் மாநாடு கூடியது. பல மாநிலங்களினின்றும் 200க்கு மேற்பட்ட பெண்கள் வந்திருந்தனர். புதிய முகவர்களை மிகுதியாகச் சேர்த்தோர்க்குப் பரிசு அளிக்கப்பட்டது. அறச்செயல்களுக்கு மிகுதியாகப் பொருளுதவி செய்தோர்க்கும் பரிசு அளிக்கப்பட்டது. மாநாட்டின் முடிவில் அப்பெண்கள், சட்டத்துக்குப் புறம்பாகத் தம் மக்களைக் கொல்லும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் இயற்றுமாறு குடியரசுத் தலைவருக்குத் தந்தி அனுப்பினர். சிமிழ் விற்கச் சென்றவர்கள் ஊருக்கு ஊர் நாட்டு நிலையைப் பேசுவோராகவும் ஆயினர்.

அம்மையாரின் கை கொடுத்துச் சிவந்தது. 1911இல் இண்டியானாபொலிஸில் கறுப்பின இளைஞர்க்கான கிறித்தவ இளைஞர் சங்கக் கட்டடத்துக்கு 1,000 டாலர் வழங்கினார். 1919இல் அக்கொலைகளை எதிர்க்கும் நிதிக்கு 5,000 டாலர் அளிப்பதாக உறுதி கூறினார். ஹட்சன் ஆற்றங்கரையில் இர்விங்டன் என்னும் ஊரில், வெர்ட்னர் டாண்டி என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞரைக் கொண்டு மாளிகை ஒன்றை எழுப்பி, 1918இல் குடிபுகுந்தார். அதில் நெடுநாள் வாழ அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இரத்த அழுத்தத்தாலும் சிறுநீரக நோயாலும் நலிந்து, 1919 மே 25ஆம் நாள், தம் 51ஆம் வயதில் அம்மாளிகையிலேயே உயிர் நீத்தார். தொழிலின் வருங்கால நிகர இலாபத்தில் மூன்றில் இரு பங்கு அறத்துக்குச் செல்லும்படி உயில் எழுதியிருந்தார்.

அவர் இண்டியானாபொலிஸில் வாழ்ந்தபோது நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். திரைப்படம் காணச் சென்ற அம்மையார் நுழைவுச்சீட்டுக்கு 10 சென்ட் காசை நீட்டினார். கறுப்பினத்தவர்க்கு 25 சென்ட் என்றனர். அம்மையார் திரும்பி வந்து, அவ்வரங்கின் உரிமையாளர்மேல் வழக்குத் தொடுத்ததோடு, தாமே ஓர் அரங்கு கட்டவும் எண்ணினார். அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1927இல், அந்நகரில் வாக்கர் கட்டடம் திறக்கப்பட்டது. தொழிற்சாலை, அழகு நிலையம், மருந்துக்கடை ஆகியவற்றோடு அதில் பெரியதோர் அரங்கும் இருந்தது.