தூசியைத் துரத்திய ஜான் டிண்டால்

ஜன்னல் வெயில்ல தூசி மினுமினுக்கிறதைப் பார்த்திருப்பீங்க. கோணல்மாணலான அந்தத் துகள்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்குது, அதான் விஷயம். அயர்லாந்தில் 1820-ல் போலீஸ்காரர் மகனாகப் பிறந்த ஜான் டிண்டால், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதை ஆராய்ந்தார்.

உள்பக்கம் கிளிசரின் தடவிய பெட்டியை மூடி, சில நாள் அப்படியே விட்டார். தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ள, உள்ளே பாய்ச்சின ஒளிக்கற்றை கண்ணுக்கே தெரியலை. அந்தப் பெட்டிக்குள் கொதிக்கவைத்த இறைச்சிச் சாறும் மாசக்கணக்கில் கெடலை. வெளிக்காற்றில் வைத்ததோ சில நாளில் அழுகியது. கிருமி தானா முளைக்கலை, தூசியோட வருதுன்னு சொன்ன லூயி பாஸ்டர் பக்கம் பலம் சேர்ந்தது.

1893-ல் மனைவி லூயிசா, வயிற்று மருந்துக்குப் பதில் தூக்க மருந்தைத் தவறுதலாகக் கொடுத்துவிட, டிண்டால் இறந்தார். கணவரின் வாழ்க்கை வரலாற்றுக்காக 1940-ல் தான் இறக்கும்வரை குறிப்புகள் சேர்த்தார் லூயிசா. புத்தகம் வந்தது 1945-ல்!