யானைக்கால் நோய்க்கு மருந்து கண்ட சுப்பாராவ்

காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரின் வாணிகச் சிறப்பைச் சிலப்பதிகாரத்தாலும் பட்டினப்பாலையாலும் நம் மாணவர் நன்கறிவர். அந்நிலத்து மக்களை நெடுங்காலம் வாட்டிய நோயொன்றைப் பற்றி நம் வகுப்பறைகளில் பேசுவது அரிது. பூம்புகார், சீர்காழி தொடங்கித் தஞ்சை வரை வாய்க்காலும் குட்டையும் நிறைந்த இவ்வளநாட்டில் யானைக்கால் நோய் வேரூன்றியிருந்தது. குடந்தை நகருக்கோ இந்நோயால் ஓர் அவப்பெயரே ஏற்பட்டிருந்தது. கால் வீங்கியவர் வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கினர் என்பதை நம் பெரியோர் அறிவர். இந்நோய்க்குரிய மருந்தை உலகுக்கு அளித்த ஆய்வுக் குழுவை நடத்திய பெருமகன் சென்னையில் பயின்றவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் அவர் பெயர் இன்று நம் பகுதியில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது ஐயமே.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12இல் அவர் பிறந்தார். வறிய குடும்பம். படிப்பிலும் தொடக்கத்தில் அவர் ஒளிவிட்டார் அல்லர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதியே தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி; அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. துறவு பூணும் எண்ணம் ஒருகால் அவரை ஆட்கொண்டது, அன்னையார் இசையவில்லை. மருத்துவப் படிப்புக்கு மாமனார் பொருளுதவி செய்தார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தி அறுவை மருத்துவ வகுப்புக்குச் சென்றார் சுப்பாராவ். ஆங்கிலப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுகளை நன்கு எழுதியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிட்டியது. மாகாண மருத்துவப் பணியில் சேரும் வழியும் அடைபட்டது. டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் பணியை ஏற்றார். மேனாட்டு மருத்துவம் கற்றவர் நாட்டு மருத்துவத்தைக் கண்ணெடுத்தும் பாராத காலம் அது. சுப்பாராவோ, அம்மருந்துகளில் நோய் தீர்க்கும் பொருள் யாது என்று ஆராய முற்பட்டார். இவ்வினாவே அவரை வேதியியலின்பால் திருப்பியது எனக் கருதுகிறோம்.

வேறொரு காரணமும் உண்டு. வெப்ப நாடுகளில் குடலைத் தாக்கி, உண்ட உணவு உடலில் ஒட்டாதவாறு செய்து, குருதியையும் வற்றச் செய்யும் ஸ்ப்ரூ என்னும் நோய்க்கு அவருடன் பிறந்தார் இருவர் அடுத்தடுத்துப் பலியாயினர். மருத்துவம் படித்த தம்மால் அவர்களைக் காக்க இயலவில்லையே என்னும் துயரம் அவரை விட்டு நீங்கவேயில்லை.

1920களின் தொடக்கத்தில் அறநிலை ஒன்றின் உதவியும் மாமனாரின் உதவியும் பெற்று பாஸ்டன் நகர் சேர்ந்தார். ஹார்வர்டில் பகலில் படிப்பு; இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் கழிகலங்களைத் துப்புரவு செய்யும் வேலை. பின்னர் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை 1925இல் வெளியிட்டார். மாலிப்டேட்டுடன் சேர்ந்த பாஸ்பேட் நீல நிறம் கொள்ளும். நீலத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவை அறியலாம். இன்றும் ஆய்வுக்கூடங்களில் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே அது வழங்குகிறது. இம்முறையின் துணையால் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யையும் இருவரும் கண்டறிந்தனர். ஏ.டி.பி.யை அதே காலத்தில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனியே கண்டார். இத்துணை செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி தரவில்லை. 1940இல் நியூயார்க்கை அடுத்த பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

இரத்தசோகையுற்ற கருவுற்ற பெண்களுக்கு ஈஸ்டுச் சாறு பயன் தருவதை 1930களின் தொடக்கத்தில் பம்பாயில் லூசி வில்ஸ் என்னும் பெண் மருத்துவர் கண்டிருந்தார். அச்சாற்றில் மறைந்திருந்த பொருள் ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழுவினர் ஈரலிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, டெரிடின் வளையம், பாரா அமினோ பென்சாயிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம் என்னும் மூன்று உறுப்புகளின் கோவை அது எனத் தெளிந்து, 1945இல் செயற்கையாகவும் ஆக்கிக் காட்டினர். ஸ்ப்ரூ நோயாளருக்கும் அம்மருந்து பயன்பட்டது. உடன்பிறந்தார் இறந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

அமிலத்தின் மூலக்கூறில் ஓரிடத்திலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கி அமினோ தொகுதியை வைத்தால் அமினோப்டெரின் கிடைக்கும். உயிரணு அதனை ஃபோலிக் அமிலம் என்றே மயங்கி ஏற்கும். ஏற்றபின் பெருக இயலாது நிற்கும். இதனைக் கொண்டே பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு மருத்துவம் செய்தார். 1948இல் அவர் அறிவித்தபடி, பதினாறு குழந்தைகளில் பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அந்நோய்க்கு மருந்தென்று ஒன்றில்லை. இதன் உடன்பிறப்பாகிய மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்திற்கும் இன்றும் வழங்கப்படுகிறது.

இனி நம் டெல்டாவுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கப் படையினர் பலரை ஃபைலேரியா தாக்கவே, அதற்கு மருந்து தேடும் முயற்சி விரைவு பெற்றது. நான்கு கார்பனும் எதிரெதிரே இரு நைட்ரஜனும் கொண்ட பைப்பரசீன் வளையத்தை எடுத்து, அந்நைட்ரஜன்களில் வெவ்வேறு தொகுதிகளைப் பொருத்திப் பார்த்தனர். ஒன்றில் மெதில், மற்றொன்றில் டைஎதில்கார்பமாயில் அமைந்த சேர்மம் பயன் தந்தது. அதுவே டைஎதில்கார்பமசின். ஹெட்ரசான் என்னும் பெயரில் லெடர்லி வெளியிட்டது. சிட்ரேட் உப்பாக ஆக்கியதால் நீரில் எளிதில் கரையும், மாத்திரைக்கு ஏற்றதாயிற்று.

இதில் சோதனை நடத்திய முறை குறிப்பிடத்தக்கது. கண்ணாடிக் கலத்தில் புழுக்களை இட்டு இம்மருந்தை ஊற்றினால் பெரிதாக ஒன்றும் நேராது. உயிருள்ள உடலுக்குள் சென்றால்தான், உடலின் தற்காப்பு ஆற்றலோடு சேர்ந்து, குருதியிலுள்ள நுண்புழுக்களை அது விரைந்து ஒழிக்கும். ஹெவிட் முதலான குழுவினர் பருத்தி எலிகளுக்கும் நாய்களுக்கும் மருந்தூட்டி, முன்னும் பின்னும் குருதியிலுள்ள புழுக்களை எண்ணினர். கலத்தோடு நின்றிருந்தால் இம்மருந்து குப்பைக்குப் போயிருக்கும். 1947இல் போர்ட்டோ ரிக்கோவில் மனிதருக்கு அளித்த முடிவும் வெளிவந்தது.

நுண்புழு இரவில்தான் புறக்குருதிக்கு வரும். ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் வீடுவீடாகக் கதவைத் தட்டி, விரல் நுனியில் குத்திக் குருதி எடுத்தனர் நம் சுகாதாரத் துறையினர். பின்னர், ஆண்டுக்கொரு நாள் யாவரும் இம்மாத்திரையை விழுங்கும் திட்டம் 1990களின் பிற்பகுதியில் தமிழகத்தில் தொடங்கியது. பெரியவர்க்கு மூன்று மாத்திரை. நோயே இல்லாத எமக்கு மருந்து ஏன் என்று வாங்கி வைத்துக்கொண்டு எறிந்தோரும் உண்டு. ஊரார் குருதியில் புழு குறைந்தால்தான் கொசு சுமந்து செல்ல ஏதுமிராது என்பதை அவர்க்கு விளக்கத் தவறினோம் என்றே சொல்லவேண்டும். முற்றி வீங்கிய காலை இம்மருந்து பழையபடி ஆக்காது என்பதையும் மறைத்தல் கூடாது. அக்காலை நாள்தோறும் கழுவித் துடைத்துப் புண்படாமல் பேணுவதே வழி.

அமெரிக்கா சென்ற சுப்பாராவ் தாயகம் திரும்பவேயில்லை. அவர் சென்றபின் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். தந்தை அவன் முகம் கண்டதில்லை. மனைவி சேஷகிரி அம்மையாரும் கணவரை மீண்டும் காணவில்லை. அறிஞர் வரலாறு எழுதுவோர் இதனைத் தியாகம் என்று ஒரு சொல்லில் கடந்துவிடுவர். அம்மையாரின் ஒப்புதலை யாரும் கேட்டதாகத் தெரியாத நிலையில் அச்சொல்லை எழுத நமக்கு மனம் வரவில்லை.

1948இல், அவர் தலைமையில் இயங்கிய ஆய்வகத்தில் டக்கர் என்பார் கண்ட ஆரியோமைசின் என்னும் உயிரெதிரி மருந்து அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவ் காலமானார். பூஞ்சை ஒன்றுக்கு சுப்பாரோமைசஸ் எனப் பெயரிட்டு அறிவுலகம் அவரை நினைவு கூர்ந்தது. நூற்றாண்டு நிறைவையொட்டி 1995இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலை ஒன்றை வெளியிட்டது.