வண்டுகளை நோக்கிய ஃபாபர்

இறந்த பூச்சிகளை ஊசியிற் குத்திப் பெட்டியில் அடுக்கிப் பெயரிடுதலையே பூச்சி நூலார் பலர் பெருந்தொழிலாகக் கொண்டிருந்த காலத்தில், உயிருள்ள வண்டு என்ன செய்கின்றதென்று வெயிலிற் கிடந்து பார்த்தறிந்தவர் பிரான்சு தேசத்து ழான் ஹென்றி ஃபாபர். அவர் சரித்திரம், ஆராய்தற்குரிய ஓய்வை வறுமையினின்றும் சிறிது சிறிதாக மீட்டுக்கொண்ட ஓர் ஆசிரியரின் சரித்திரமுமாகும். ஆதலின் கல்லூரியிற் கற்போரும் கற்பிப்போரும் ஆகிய நாம் அதனை அறிதல் தகும்.

1823ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், தென்பிரான்சிலுள்ள சேன் லெயோன் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் பிழைப்பை நாடி ஊர்தோறும் பெயர்ந்தனர். இளைஞராகிய ஃபாபர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றும், இருப்புப்பாதை வேலையிற் கூலியாளாயிருந்தும் வயிறு வளர்த்தார். பின்னர் உபகாரச் சம்பளம் பெற்று அவினியோன் நகரத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். 1842இல் கார்ப்பந்த்ரா என்னும் ஊரில் ஆசிரியராயினார். அங்கே பூச்சிகளைப் பற்றிய பெருநூலொன்றைக் கண்டு, ஒரு மாதச் சம்பளத்தை அதற்கே கொடுத்துவிட்டார்! கணிதமும் பௌதிகமும் பெரும்பாலும் தாமே பயின்று பட்டங்கள் பெற்றார்.

ஃபாபரின் வழியைத் திருப்பியது லெயோன் டியூஃபூர் என்னும் முதிய அறிஞரின் கட்டுரை. மண்ணில் வளை தோண்டும் குளவியொன்று பொன்வண்டுகளைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு இரையாகச் சேர்த்து வைக்கின்றது. அவ்வண்டுகள் நாட்பல கழிந்தும் அழுகுவதில்லை. குளவியின் நஞ்சு பிணத்தைக் கெடாது காக்கும் மருந்தாகும் என்று டியூஃபூர் கருதினார். ஃபாபர் அதனைத் தாமே பார்த்துத் தெளிய விரும்பினார்.

அவர் ஊர்ப்புறத்தில் வாழ்ந்த அவ்வினத்துக் குளவியொன்று, பொன்வண்டை விடுத்துக் கூன்வண்டையே வேட்டையாடிற்று. நீண்ட மூக்குடைய இவ்வண்டினம் நமக்குப் புதியதன்று. அரிசியைத் துளைக்கும் சிறுவண்டும் அவ்வினத்ததே. வளையினின்றும் எடுத்த கூன்வண்டுகளை மின்சாரத்தால் தூண்டிய பொழுது அவற்றின் கால்கள் அசைந்தன. அவை இறந்தவையல்ல, இயக்கம் ஒழிந்தவை என்பது புலனாயிற்று.

இனிக் குளவி கொட்டும் இடத்தைக் காணவேண்டும். உயிருள்ள கூன்வண்டுகளைத் தேடி இரண்டு நாள் வயல்களில் அலைந்தும் அவருக்குக் கிடைத்தவை மூன்றே! அவற்றைக் குளவியின் முன் வைத்தார், அது பொருட்படுத்தவில்லை. பின்னர், இரையோடு திரும்பிய குளவியினிடமிருந்து அவ்விரையைக் கவர்ந்து, உயிருள்ள வண்டை அவ்விடத்தில் வைத்தார். குளவி உடனே அதனைப் பற்றி, மார்பின் அடியில், முதலிரு காலிணைகளுக்கு இடையே கொட்டிற்று. காலை இயக்கும் நரம்புமுடிச்சுகள் அவ்வினத்து வண்டுகளில் ஒருங்கே நெருங்கியிருத்தலின் ஒரு கொட்டே போதுமானதாயிற்று. ஃபாபர் ஊசிமுனையில் அம்மோனியாவைத் தோய்த்து அவ்விடத்திற் குத்தி அதே விளைவைத் தாமும் உண்டாக்கினார். 1855இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. மறு ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கழகம் பரிசளித்தது. தம் கருத்து மறுக்கப்பட்ட டியூஃபூரும் மனமுவந்து அவருக்கு ஊக்கமளித்து எழுதினார்.

புகழ் வந்ததேயன்றிப் பொருள் வரவில்லை. அவினியோனில் ஆசிரியராயிருந்த காலத்தில், மஞ்சிட்டி வேரினின்றும் சாயமெடுக்கும் தொழிலால் குடும்பத்தைக் காத்து ஓய்வு பெறலாமென்று பல்லாண்டு உழைத்தார். அச்சாயத்தை ஜெர்மானிய வேதிநூலார் செயற்கையாக ஆக்கிவிடவே அந்நம்பிக்கையும் அழிந்தது. இளமங்கையரும் வந்து கேட்ட மாலை வகுப்புகளில் பூக்களின் மகரந்தச் சேர்க்கையை விளக்கினார் என்பது பெருங்குற்றமாகப் பேசப்பட்டது. 1870ஐ ஒட்டி வேலையும் போயிற்று. குடியிருந்த வீடும் போயிற்று. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் அளித்த மூவாயிரம் பிராங்கு கடனே அக்குடும்பத்தைத் தாங்கியது. ஃபாபர் பள்ளிப் பாடநூல்கள் எழுதிப் பிழைத்து, அக்கடனையும் தீர்த்தார்.

1879இல், ஐம்பத்தைந்து வயதிற்குமேல், செரிஞான் என்னும் ஊரில் முட்செடிகள் மண்டிய கல்நிலமொன்றை வாங்கினார். உழவர் வேண்டாமென்று விட்ட அந்நிலம் வண்டிற்கும் குளவிக்கும் ஏற்ற நாடாயிருந்தது. அவ்வாண்டிலேயே அவரது பூச்சியியல் நினைவுகளின் முதற்றொகுதி வெளிவந்தது. பத்தாவது தொகுதி 1907இல் வெளிவந்தது.

சாணவண்டு உருட்டிச் செல்லும் உருண்டைக்குள் அதன் முட்டையிருக்கிறதென்பது பழங்கால முதல் வழங்கிய நம்பிக்கை. அவ்வுருண்டை உணவேயன்றித் தொட்டிலன்று என்று ஃபாபர் கண்டார். அங்ஙனமாயின் முட்டை எங்கே? முதற்றொகுதியில் முடிவுறாத இவ்வினாவிற்கு 1897இல் வெளிவந்த ஐந்தாந் தொகுதியிலேயே அவர் விடை தந்தார். இடையன் ஒருவன் மண்ணினின்றும் எடுத்துக் கொணர்ந்த பேரிக்காய் வடிவான சாணத்திரளே வண்டின் தொட்டில். அதன் கழுத்திலே முட்டை இருந்தது.

ஓக் மரத்துக் காயைத் துளைக்கும் கூன்வண்டையும் அவர் விடாது நோக்கினார். மயிர்போல் மெலிந்த தன் நெடுமூக்கை அது பல மணிநேரம் திருகித் திருகிக் காய்க்குட் செலுத்தும். சில வேளைகளிற் கால் பிடிதவறி, மூக்கு சிக்கிய நிலையில் அந்தரத்தில் தொங்கி உயிர்விடும். துளையின் வாய் மேலே இருக்க, முட்டையோ காயின் ஆழத்திற் கிடந்தது. அது அங்கே சென்றது எவ்வாறு? வண்டை அறுத்துப் பார்த்தார். மூக்கின் நீளத்திற்கு ஒப்பான முட்டையிடும் குழலொன்று வயிற்றுள் ஒளிந்திருந்தது. முன்னே துளைக்க ஒரு கருவி. பின்னே முட்டையைச் சேர்க்க மற்றொன்று!

அவர் முடிபுகள் யாவும் நிலைபெற்றன என்று நாம் கூறோம். தம்மைப் போற்றிய டார்வினின் பரிணாமக் கொள்கையை அவர் இறுதிவரை ஏற்கவில்லை. பூச்சியின் இயற்கையறிவு சிறிதும் பிழைபடாதென்ற அவர் எண்ணத்தையும் பிற்காலத்தார் திருத்தினர். டியூஃபூரின் முடிபை ஃபாபர் சோதித்தது போலவே அவர் முடிபுகளும் சோதிக்கப்பட்டன. அஃது அவருக்கு இழுக்கன்று.

1910இல் அன்பர்கள் அவருக்கு விழா எடுத்தனர். 1913இல் குடியரசுத் தலைவர் புவங்காரே அவர் இல்லத்திற்கே வந்து கண்டார். 1915 அக்டோபர் 11ஆம் நாள், தொண்ணூற்றோராம் வயதில் ஃபாபர் காலமானார். அவர் வாழ்ந்த நிலத்தைப் பிரெஞ்சு அரசாங்கம் 1922இல் வாங்கிப் பாதுகாத்தது.

ஆய்வுக்கூடமும் பொருளும் இன்மையால் அறிவு வளர்தல் அரிதென்று நம்மிற் சிலர் தளர்வதுண்டு. அத்தடை மெய்யானதே; ஃபாபரின் வாழ்வில் ஏறக்குறைய நாற்பதாண்டுகளை அது உண்டுவிட்டது. ஆயினும், பள்ளி விடுமுறை நாட்களில் வயல் வரம்பிற் குனிந்திருந்தே அவர் பேரறிஞர் ஒருவரின் முடிபைத் திருத்தினார் என்பதையும் நாம் மறத்தலாகாது.