நிற்கத் தெரிந்த தறி

எமது வீதிகளில் ஓடும் வான்களிலும் கார்களிலும் டொயோட்டா என்ற பெயரை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர் என்பதோ, அந்த மனிதர் தம் வாழ்நாளில் ஒரு காரையேனும் செய்து விற்றதில்லை என்பதோ அண்மைக்காலம் வரை எனக்குத் தெரியாது. அவர் செய்தவை தறிகள். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் நான், பழைய தொழிற்சாலைகள் எவ்வாறு தன்னியக்கத்துக்கு மாறின என்று தேடிப் படித்தபோதுதான் சகிச்சி டொயோடாவை அறிந்துகொண்டேன். ஒரு தச்சரின் மகன் உலகத்தின் தொழிற்சாலைகளுக்கே பாடம் சொல்லித்தந்த கதை இது.

1867ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி யப்பானில், இன்று ஷிஸுவோகா மாகாணத்தின் கொசாய் நகருக்குள் அடங்கும் ஒரு சிறு கிராமத்தில் சகிச்சி பிறந்தார். அடுத்த ஆண்டே யப்பானில் மெய்ஜி ஆட்சி தொடங்கியது. நெடுங்காலம் கதவடைத்திருந்த நாடு மேற்குலகின் இயந்திரங்களை இறக்குமதி செய்யத் தொடங்கிய காலம் அது. ஆனால் கிராமங்களின் வறுமை அப்படியேதான் இருந்தது. ஆண்கள் வயலில் வேலை செய்ய, பெண்கள் வீட்டு வேலைகளை முடித்துவிட்டுத் தறியில் அமர்ந்து துணி நெய்தார்கள். சகிச்சியின் தாயும் அவ்வாறு நெய்தவர்தான். தந்தை தச்சுத் தொழிலாளி. ஆரம்பப் பாடசாலையோடு படிப்பை நிறுத்திவிட்டு மகனும் தந்தையிடமே தச்சுவேலை பழகினார்.

1885இல் யப்பான் அரசு கண்டுபிடிப்பாளர்களுக்கு ஆக்கவுரிமை வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. பட்டமும் பணமும் இல்லாத ஒருவர்கூடத் தன் அறிவால் நாட்டுக்குப் பயன்பட முடியும் என்ற எண்ணம் அந்தச் சட்டத்தால் அவர் மனதில் விழுந்தது. எதைக் கண்டுபிடிப்பது என்று அவர் தொலைவில் தேடவில்லை. தன் வீட்டுப் பெண்கள் படும் பாட்டையே பார்த்தார். தறியைக் கழற்றினார், பூட்டினார், மாற்றிச் செய்தார், மறுபடி உடைத்தார். தச்சுத் தொழிலை விட்டுவிட்டு இப்படித் திரிகிறானே என்று தந்தை கோபித்தார். ஊரார் அவரைக் கிறுக்கன் என்றார்கள்.

1890இல் டோக்கியோவின் உவெனோவில் பெரிய கைத்தொழிற் கண்காட்சியொன்று நடைபெற்றது. சகிச்சி அங்கு நாள்தோறும் சென்று, இயந்திரங்களின் முன்னே நின்று, ஒவ்வோர் உறுப்பும் எதற்காக அசைகிறது என்று கூர்ந்து பார்த்தார். அதே ஆண்டில் அவரது முதலாவது கண்டுபிடிப்பு நிறைவேறியது. அது மரத்தாலான ஒரு கைத்தறி. 1891இல் அதற்கு ஆக்கவுரிமை கிடைத்தது.

அந்தக் கைத்தறியில் என்ன புதுமை இருந்தது என்பதைச் சொல்ல, எங்கள் மூத்தம்மாவின் தறியைத் துணைக்கு அழைக்கிறேன். மூத்தம்மா மருதமுனையைச் சேர்ந்தவர். இளம் வயதில் சாரனும் சேலையும் நெய்தவர். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்டிருப்பது பாவு நூல். அதற்குக் குறுக்கே செல்வது ஊடை நூல். ஊடை நூலைச் சுமந்துகொண்டு இங்குமங்கும் ஓடும் சிறு மரக்கருவியை நாடா என்பார்கள். ஒரு கையால் நாடாவை ஓட்டவேண்டும், மறு கையால் ஊடை நூலை நெருக்கி அடிக்கவேண்டும், காலால் மிதிக்கவேண்டும். சகிச்சியின் தறியில் நெருக்கி அடிக்கும் அசைவே நாடாவையும் ஓட்டியது. இரு கைகளின் வேலையை ஒரு கை செய்தது. துணியும் சீராக வந்தது. நெய்யும் அளவு நூற்றுக்கு நாற்பது, ஐம்பது வீதம் கூடியது. ஒரு கை ஓய்வு பெற்றதுதான் அவரது முதல் வெற்றி என்று எண்ணும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆனாலும் கைத்தறி மனித பலத்தால் ஓடுவதுதான். 1896இல் அவர் நீராவி வலுவால் இயங்கக்கூடிய விசைத்தறியொன்றைச் செய்து முடித்தார். யப்பானியர் ஒருவர் உருவாக்கிய முதலாவது விசைத்தறி அதுவே. ஐரோப்பாவிலிருந்து வந்த தறிகள் முழுவதும் இரும்பாலானவை. சிறு முதலாளிகளால் வாங்க முடியாத விலை. சகிச்சியோ தேவையான இடங்களில் மட்டும் இரும்பை வைத்து, மற்றவற்றை மரத்தால் செய்தார். அதனால் விலை பெருமளவு குறைந்தது. தம்மிடம் இருக்கும் பணத்துக்கும் தமது ஊரில் கிடைக்கும் பொருளுக்கும் ஏற்றவாறு புதுமை செய்வதும் ஒரு தொழினுட்பமே.

இந்தத் தறியில் இன்னொரு சிறு அமைப்பும் இருந்தது. ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி தானாகவே நின்றுவிடும். அதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நூல் அறுந்த பிறகும் தறி ஓடினால் துணியில் குறை விழும். அதைப் பின்னர் எவராலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. மூத்தம்மா நெய்துகொண்டே பேசமாட்டாராம். கண் நூலிலேயே இருக்கவேண்டும் என்பார். கைத்தறியில் நெய்பவர் தாமே நிறுத்திவிடலாம். வேகமாக ஓடும் விசைத்தறியிலோ கண் சிமிட்டும் நேரத்தில் குறை விழுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தறிக்கும் ஒரு பெண் காவல் நிற்கவேண்டியிருந்தது. இயந்திரம் வந்த பின்னும் மனிதருக்கு விடுதலை இல்லை. அவர் இயந்திரத்தின் காவற்காரராக மாறியதுதான் மிச்சம். சகிச்சியின் நாற்பதாண்டு உழைப்பும் இந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்கான உழைப்பாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்த உழைப்புக்கு அவரது குடும்பமும் விலை கொடுத்தது. 1894இல் மகன் கீச்சிரோ பிறந்த சில காலத்திலேயே, கண்டுபிடிப்பிலேயே மூழ்கிக் கிடந்த கணவரை விட்டு முதல் மனைவி பிரிந்து சென்றார். பின்னர் அவர் மணமுடித்த அசாகோ வீட்டையும் தொழிலையும் சேர்த்தே கவனித்துக்கொண்டார். பெரிய மனிதர்களின் வரலாற்றில் இத்தகைய பெண்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. அந்த ஒரு வரியையாவது நான் விட்டுவிட விரும்பவில்லை.

1903இல் அவர் இன்னொரு படி ஏறினார். நாடாவில் நூல் தீர்ந்ததும் தறியே புதிய நாடாவை மாற்றிக்கொள்ளும் அமைப்பைக் கண்டுபிடித்தார். ஆனால் அந்தத் தறிகளைப் பெரிய ஆலையொன்றில் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. நூலின் தரம், இயக்குபவர்களின் பழக்கம், உறுப்புகளின் உறுதி ஆகிய எல்லாம் சேர்ந்துதான் ஒரு தறி நன்றாக ஓடும் என்பதை அந்தத் தோல்வி அவருக்குக் கற்பித்தது. 1907இல் பெரிய வர்த்தகர்களின் முதலீட்டோடு அவருக்காக ஒரு தறி நிறுவனம் தொடங்கப்பட்டது. உடனடி இலாபத்தை எதிர்பார்த்த முதலீட்டாளர்களுக்கும், இன்னும் சோதிக்கவேண்டும் என்ற சகிச்சிக்கும் ஒத்துவரவில்லை. 1910இல் தமது பெயரைத் தாங்கிய நிறுவனத்திலிருந்தே அவர் விலக நேர்ந்தது.

மனமுடைந்த அவர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணமானார். அமெரிக்க ஆலைகளில் தானியங்கித் தறிகள் 1890களிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தன. நூல் தீர்ந்ததும் நாடாவுக்குள் இருக்கும் நூற்கட்டையை மாற்றிக்கொள்ளும் நோத்ரொப் தறி அங்கு பெயர்பெற்றிருந்தது. ஆகவே தானியங்கித் தறியை உலகில் முதன்முதலாகச் செய்தவர் சகிச்சி என்று சொல்வது சரியாகாது. ஆனால் அந்தத் தறிகளை அருகிருந்து பார்த்த பிறகு, தமது வழி தவறானதல்ல என்ற நம்பிக்கையோடு அவர் நாடு திரும்பினார். அமெரிக்க வீதிகளில் ஓடிய மோட்டார் கார்களும் அவர் மனதில் பதிந்தன.

1911இல் நாகோயாவில் சொந்தமாக ஒரு நெசவாலையைத் தொடங்கினார். தறி செய்பவருக்கு நெசவாலை எதற்கு? தமது தறிகளைத் தமது ஆலையிலேயே ஓட்டிப் பார்க்கத்தான். வெளியில் வாங்கிய நூல் தரமற்று அறுந்ததால் நூல் நூற்கும் ஆலையையும் சேர்த்துக்கொண்டார். உண்மையான உற்பத்திச் சூழலில் முழுமையாகச் சோதித்துப் பார்க்காத எதையும் சந்தைக்கு அனுப்புவதில்லை என்பதைத் தமது கொள்கையாக்கிக்கொண்டார்.

கடைசியில் 1924இல், தந்தையும் பொறியியல் படித்த மகன் கீச்சிரோவும் ஏனைய உதவியாளர்களும் சேர்ந்து உழைத்ததன் பலனாக, ஜீ வகைத் தானியங்கித் தறி நிறைவுபெற்றது. வேகத்தைக் குறைக்காமலே, ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நாடாவை மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு பாவு நூலிலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்கும். நூல் அறுந்தால் தகடு கீழே விழும். விழுந்த தகடு தறியை நிறுத்திவிடும். இன்று நாம் உணரி என்று வகுப்பில் படிக்கும் கருவியின் வேலையை, மின்சுற்று எதுவுமின்றி, ஒரு தகட்டின் எடை செய்தது. முன்பு ஓரிரு தறிகளுக்குக் காவல் நின்ற ஒரு பெண்ணால் இப்போது 30 முதல் 50 தறிகள் வரை கவனிக்க முடிந்தது. நின்ற தறியிடம் மட்டும் போனால் போதும்.

நூற்றுக்கணக்கான தறிகளைச் சொந்த ஆலையில் ஓட்டிச் சோதித்த பிறகே, 1926இல் கரியாவில் அவற்றைத் தயாரிக்கும் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1929இல் இங்கிலாந்தின் ஓல்ட்ஹாம் நகரிலிருந்த பிளாட் சகோதரர்கள் நிறுவனம் அந்தத் தறிக்கான ஆக்கவுரிமையைப் பெற ஒரு இலட்சம் பவுண் தர ஒப்பந்தம் செய்துகொண்டது. நெசவு இயந்திரங்களை உலகுக்கு விற்ற நாடு, ஒரு தச்சரின் மகனிடம் அறிவை விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு, 1930 ஒக்டோபர் 30ஆம் திகதி சகிச்சி காலமானார்.

மோட்டார் வாகனத் துறையில் இறங்குமாறு மகனை ஊக்கப்படுத்தியவரும் அவரே. 1933இல் தறி நிறுவனத்துக்குள்ளேயே வாகனப் பிரிவொன்றைத் தொடங்கினார் கீச்சிரோ. 1937இல் அது தனி நிறுவனமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில்தான் டொயோடா என்ற பெயர், யப்பானிய எழுத்தில் எட்டுக் கோடுகளால் எழுதக்கூடிய டொயோட்டா என மாற்றப்பட்டது. தறியின் பாடம் அங்கும் தொடர்ந்தது. டொயோட்டா ஆலைகளில் குறையொன்றைக் காணும் சாதாரணத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். இந்த முறைக்கு அவர்கள் எழுதும் சொல்லில் ஓர் அழகு உண்டு. தன்னியக்கம் என்பதற்கான யப்பானியச் சொல்லில், அசைவைக் குறிக்கும் எழுத்துக்குப் பக்கத்தில் மனிதனைக் குறிக்கும் உறுப்பொன்றைச் சேர்த்து எழுதுகிறார்கள். ஒலி ஒன்றே, ஆனால் உள்ளே ஒரு மனிதர் நிற்கிறார்.

எம் நாட்டின் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் சிலவும் டொயோட்டா முறையைப் பின்பற்றுகின்றன. என் சாச்சி ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மெஷின் ஒப்பரேட்டராக வேலை செய்கிறார். நூலைத் தானே வெட்டும் புதிய மெஷின்கள் வந்த பிறகு அவருடைய கைவலி குறைந்தது. ஆனால் நூல் வெட்டிக்கொண்டிருந்த ஹெல்பர் பிள்ளைகள் இருவருக்கு அந்த லைனில் வேலை இல்லாமற் போனது. சாச்சி இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார். சகிச்சியின் கதையைப் படிக்கும்போதும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு பெண் ஐம்பது தறிகளைக் கவனித்தால், மற்றவர்கள் எங்கே போனார்கள்? அக்காலத்து யப்பானிய ஆலைகளில் வேலை செய்தோரிற் பலர் ஏழைக் கிராமத்து இளம்பெண்கள்; விடுதிகளில் தங்கி நீண்ட நேரம் உழைத்தவர்கள். தறி அவர்களது கண்களுக்கு ஓய்வு கொடுத்தது. ஆனால் மிச்சமான நேரத்தை அவர்களுக்குக் கொடுப்பதா, முதலாளிக்குக் கொடுப்பதா என்பதைத் தறி தீர்மானிக்கவில்லை. அதை மனிதர்கள்தான் தீர்மானித்தார்கள். இன்றும் அப்படித்தான்.

ஆகவே நவீனமாக விரும்பும் ஒரு தொழிற்சாலை சகிச்சியிடமிருந்து சிலவற்றைக் கற்கலாம் என நினைக்கிறேன். விலையுயர்ந்த இயந்திரத்தை வாங்குவதற்கு முன், தொழிலாளிக்கு எங்கே வலிக்கிறது, எங்கே பொருள் வீணாகிறது என்று பார்க்கவேண்டும். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றாமல், ஒவ்வொரு படியாகச் சோதித்து ஏறவேண்டும். இயந்திரத்தை வேகமாக ஓடப் பழக்குவதோடு, தவறு நேர்ந்தால் நிற்கவும் பழக்கவேண்டும். ஓர் இயந்திரம் பத்துப்பேரின் வேலையைச் செய்தால், அந்தப் பத்துப்பேருக்கும் அடுத்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் செலவையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிடவேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காத நவீனம் பாதி நவீனமே.

தொழினுட்பப் பிரிவு பெண்பிள்ளைகளுக்கு எதற்கு என்று இன்னமும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தறியில் அமர்ந்திருந்தவர்கள் பெண்கள். இன்று தையல் மெஷினின் முன் அமர்ந்திருப்பவர்களிலும் பெரும்பாலானோர் பெண்கள். நூல் அறுவது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். அதை நிறுத்தும் தகட்டைச் செய்பவர்களும் அவர்களுக்குள்ளிருந்தே வரட்டும்.