கராச்சி டு பம்பாய்: தூரம் வகுத்தல் வேகம்

கூக்காலுக்குப் போயிருக்கீங்களா? கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை வழியா பஸ் பிடிக்கணும். மேப்ல ரெண்டு ஊருக்கும் நடுவுல விரலை வெச்சா பக்கத்துல தெரியும். ரோடு மட்டும் மலையைச் சுத்திச் சுத்தி 40 கிலோமீட்டர் கிட்ட இழுத்துடும். அந்த பஸ் ஜன்னல்ல உக்காந்திருந்தப்பதான் ஜே.ஆர்.டி. டாட்டா ஞாபகம் வந்தார்.

1904-ல பாரிஸ்ல பிறந்தவர், அம்மா பிரெஞ்சுக்காரர். 1929 பிப்ரவரியில இந்தியாவோட முதல் பைலட் லைசென்ஸ் இவருக்குத்தான் கிடைச்சது.

ஆகா கான் ஒரு போட்டி அறிவிச்சார்: இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவுல தனியா பறக்கணும். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்ப, ஆஸ்பி இன்ஜினியர்ங்கிற பையன் எதிர்திசையில லண்டன்ல இருந்து வந்தார். ரெண்டு பேரும் எகிப்துல சந்திச்சாங்க. ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாம மாட்டிக்கிட்டு நின்னார். ஜே.ஆர்.டி. தன்கிட்ட இருந்ததை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி சில மணி நேர வித்தியாசத்துல ஜெயிச்சுட்டார்! பின்னாடி இந்திய விமானப்படைத் தளபதியா ஆனதும் அதே ஆஸ்பிதான். நம்மில் எத்தனை பேர் கொடுத்திருப்போம்? லேப் எக்ஸாம்ல கால்குலேட்டர் கேட்டாலே திரும்பிப் பார்க்க மாட்டோம்.

இப்போ கணக்குக்கு வருவோம். 1932 அக்டோபர் 15 காலையில கராச்சியிலிருந்து தபால் மூட்டையோட ஒரு புஸ் மாத் விமானத்துல கிளம்பினார். ஒத்தை இன்ஜின், ரேடியோ கிடையாது. பம்பாய் நேர்கோட்டில் சுமார் 880 கிலோமீட்டர். விமானத்தோட வேகம் மணிக்கு 160-ன்னு வெச்சா, அஞ்சரை மணி நேரம் வரணும். ஆனா மதியம் ரெண்டு மணியை ஒட்டித்தான் ஜுஹுவில் இறங்கினார், ஏழு மணி நேரத்துக்கு மேல. ஏன்? பெட்ரோலுக்காக அகமதாபாத் சுத்திப் போகணும், அதுலயே தூரம் ஆயிரத்தைத் தாண்டிடும். அங்கே பெட்ரோல் டின்கள் வந்தது மாட்டு வண்டியில! ஃபார்முலாவுல மாட்டு வண்டிக்கு இடமே இல்ல பாருங்க. அங்கிருந்து தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியா நம்ம சென்னைக்குக் கொண்டு வந்தார். அவர் வந்து சேர்ந்தது மறுநாள்.

அந்தத் தபால் சர்வீஸ்தான் ஏர் இந்தியா ஆச்சு. 1948 ஜூன் 8-ல 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியா லண்டன் போனப்ப ரெண்டு நாள் பிடிச்சது. இன்னிக்கு நேரா பறந்தா, சுமார் 7,200 கிலோமீட்டர், பத்து மணி நேரத்தை ஒட்டி முடிஞ்சிடுது. 1953-ல கம்பெனியை அரசு எடுத்துக்கிட்டது. தலைவரா தொடர்ந்தவரை 1978-ல பதவியிலிருந்து நீக்கினாங்க. எனக்கு அது இன்னும் உறுத்துது.

நாலே வருஷம் கழிச்சு, 1982 அக்டோபர் 15. வயசு 78. லெப்பர்ட் மாத்-ன்னு ஒரு பழைய சின்ன விமானத்துல ஏறி, அதே கராச்சியிலிருந்து அதே பம்பாய்க்கு மறுபடியும் தானே ஓட்டிக்கிட்டு வந்தார்.