நா எழாத பாரிஸ்டர்

பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றம். பிரதிவாதியின் தரப்பில் குறுக்கு விசாரணை செய்ய ஓர் இளைஞர் எழுந்து நிற்கிறார். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். இங்கே இது அவருக்கு முதல் வழக்கு. தலை சுழல்கிறது, ஒரு கேள்விகூட நாவில் எழவில்லை. அப்படியே அமர்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாணத்தோடு வெளியேறினார். அந்த இளைஞர்தாம் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த அவர், 1888இல் சட்டம் பயில லண்டன் சென்றார். குறித்த விருந்துகளில் கலந்துகொள்வதும் தேர்வுகளில் தேறுவதுமே அன்று பாரிஸ்டராகப் போதுமானவை. ரோமானியச் சட்டத்தை அவர் லத்தீன் மொழியிலேயே கற்றார். ஆனால் சாட்சியிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று எவரும் பயிற்றுவிக்கவில்லை. இயல்பாகவே கூச்சம் மிக்கவர். மரக்கறி உணவினர் சங்கத்தில் அவர் எழுதிச் சென்ற உரையைப் பிறர் படிக்க நேர்ந்தது. 1891 ஜூனில் பட்டத்தோடு திரும்பினார், பயிற்சியோடு அல்ல.

1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற பிறகே அப்பயிற்சி கிட்டியது. தாதா அப்துல்லாவின் வழக்கிற்காகக் கணக்கியல் கற்றார். இரு தரப்பு ஆவணங்களையும் துருவிப் படித்தார். உண்மை விவரங்களே சட்டத்தின் முக்கால் பங்கு என்று உணர்ந்தார். இறுதியில் இரு தரப்பினரையும் சமரசத்திற்கு இணங்கச் செய்தார். 1894இல் முதலாளியால் அடிபட்டுப் பல் உடைந்து டர்பனில் தம்மிடம் வந்த தமிழ்த் தொழிலாளி பாலசுந்தரத்தை முதலில் மருத்துவரிடம் அனுப்பிக் காயச் சான்றிதழ் பெற்றார். அதன் பின்னரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்றார். பாலசுந்தரம் வேறு முதலாளியிடம் மாற்றப்பட்டார்.

1922 மார்ச் 18. அகமதாபாத்தில் விசாரணையை எதிர்கொண்ட காந்தியடிகள், குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்கான காரணத்தையும் அஞ்சாமல் எடுத்துரைத்தார். ஆறாண்டுச் சிறைத் தண்டனையை அமைதியாக ஏற்றார். நா எழாமல் அமர்ந்தவரின் சொல்லை அன்று நீதிமன்றமே மௌனமாகக் கேட்டது.

மாணவ நண்பர்களே! கல்லூரியின் மாதிரி நீதிமன்றத்தில் நாம் தடுமாறினால் எந்தக் கட்சிக்காரரும் நட்டமடைய மாட்டார். வழக்குக் கட்டைப் படிக்கவும், சான்றைத் தேடவும், எதிர்த்தரப்பின் நியாயத்தை எண்ணிப் பார்க்கவும், கேள்வியைச் சுருக்கமாகக் கேட்கவும் அங்கே கற்கலாம். சட்டம் பயிலாதவர்க்கும் இவை வேண்டும். கூச்சம் உள்ளவர்களே அக்குழுவில் முதலில் பெயர் கொடுக்க வேண்டும். கால் நடுங்குவது இழுக்கன்று. மீண்டும் எழாமலிருப்பதே இழுக்கு.