கணித மேதை இராமானுஜனும் ஒரு பேரெண்ணும்

கணக்கேடும் கையுமாகக் காலம் கழிக்கும் குமாஸ்தாக்களின் குலத்துக்கே பெருமை தேடித் தந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் அவர் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர். கணிதப் பித்தினால் மற்றப் பாடங்களைப் புறக்கணித்த இராமானுஜன், கல்லூரி உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தவறினார். 1909இல் திருமணம் நடந்தது. வேலை தேடி அலைந்து, 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். மறு ஆண்டு பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவருடைய வாழ்வின் திசையையே மாற்றியது. 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, மிகுதியாக வகுபடும் எண்கள். 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. அடுத்து அவ்வாறு முந்துவது 24; அதற்கு எட்டு வகுத்திகள். இவ்வாறு தமக்கு முற்பட்ட எண்கள் அனைத்தையும் விஞ்சும் 102 எண்களை இராமானுஜன் 1915இல் வெளியான கட்டுரையில் பட்டியலிட்டார். அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800! இதற்கு 10,080 வகுத்திகள் உள்ளன. 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5ஐயும் 7ஐயும் இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் வைத்துப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். நம் பிள்ளைகளே பெருக்கிச் சரிபார்க்கலாம்.

இயந்திரத் துணையின்றி ஆக்கிய அப்பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 2,93,31,86,25,600. அதனை 23ஆல் பெருக்கினால் வருவது அவருடைய கடைசி எண்ணேயாம்! பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டால் நாம் எவ்வளவு கலங்குகிறோம்! ஆயினும் அந்த ஒரு குறையினால் அவர் கண்ட விதிகளுக்குச் சிறிதும் பழுதில்லை.

எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916இல் அக்கட்டுரைக்காகவே கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது. அச்சிட்ட கழகத்தின் பணமுடையால் அப்போது வெளிவராத அதன் பிற்பகுதி 1997இல்தான் அச்சேறியது. 1918இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. ஆனால் நோய் அவரை விடவில்லை. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் தமது 32ஆம் வயதில் மறைந்தார்.

அவர் பிறந்த நாள் இன்று தேசிய கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. தேர்வில் தவறிய பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அப்பிள்ளை எதில் ஆழ்ந்திருக்கிறான் என்பதைப் பெற்றோர் ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக. அம்மேதைக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.